ஒண்ணுமில்லன்னா என்னது?

யாராவது "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டால் அக்காவுக்குப் பொறுக்காது. கையிலிருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சொன்னவர் முகத்துக்கு நேராக வந்து நிற்பார். "ஒண்ணுமில்லன்னா என்னது?" என்பார். அதட்டுகிற குரல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிற குரல். அதனால்தான் அதனிடமிருந்து தப்பிப்பது கஷ்டம்.

ஹைதராபாத்தின் நாச்சாரத்தில் ஒரு மசாலாப்பொடி ஆலைக்கும் அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனிக்கும் நடுவில் இருந்தது எங்கள் லேப். பக்கத்தில் மிளகாய் அரைக்கிற நாட்களில் எல்லோரும் வரிசையாகத் தும்முவோம். குதிரைகளின் ரத்தத்தைப் பரிசோதிப்பதுதான் அங்கே தொழில். நான் கால்நடை மருத்துவர். பண்ணை பண்ணையாகப் போய் ரத்தம் எடுத்துவருவேன். அக்கா லேபின் பொறுப்பாளர். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவர். பூர்வீகமான பாளையங்கோட்டையை ஏதாவது கல்யாணத்துக்குப் போனபோது பார்த்ததோடு சரி. ஆனால் பேச்சு மட்டும் அச்சு அசல் அந்த ஊர்ப் பேச்சு. தாத்தா ரயிலேறி வரும்போது கொண்டுவந்த தமிழை அந்த வீட்டில் யாரும் மாற்றவில்லை. என்னை "ஏளா" என்றுதான் கூப்பிடுவார். அதே மூச்சில் வாட்ச்மேனிடம் தெலுங்கும், ஆட்டோக்காரரிடம் உருதுவும் பேசுவார்.

அவர் அந்த லேபை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. கணவருக்கு மாற்றல் வந்தது, போனார்கள். இப்போதும் லேபில் யாராவது "ஒண்ணுமில்ல" என்றால் மற்றவர்கள் தலையைத் தூக்கி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வீங்கின கண்ணோடு வந்தேன். "என்னாச்சு?" என்றார். "ஒண்ணுமில்லக்கா" என்றேன். சுற்றிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தினார். முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். என்னைக் கேட்காமலே என் கணவர் என் பழைய ஸ்கூட்டரை விற்றுவிட்ட கதை முழுவதும் என் வாயிலிருந்து வந்துவிட்டது. மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டு மாடிப்படி எல்லாம் சேர்ந்தே வந்தது. எல்லாம் கேட்டு முடித்து, "அப்போ ஸ்கூட்டருதான் பிரச்சினை. நேரா அத சொல்ல வேண்டியதுதானே" என்றார். சாயங்காலமே தன் தம்பியின் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

ஹைதராபாத்தில் இருப்பதால் அக்காவுக்கு வேலை மும்மடங்கு. இங்கே ஜனங்கள் மூன்று பாஷையில் ஒண்ணுமில்ல சொல்வார்கள். வாட்ச்மேன் "ஏமி லேது மேடம்" என்பார். பார்த்தால் ஒரு கன்னம் மட்டும் பன்னு மாதிரி இருக்கும். அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போவார். ஆட்டோக்காரர் "குச் நஹீ அம்மா" என்பார். "இந்தச் சத்தம் குச் நஹீயா?" என்று ஹப்சிகூடா ரோட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுவார். ஒரு தடவை சக்கரத்தின் நட்டு நிஜமாகவே கழன்று கையோடு வந்தது. ஆட்டோக்காரர் அன்றிலிருந்து எங்கள் லேப் வழியாகப் போனாலே சலாம் வைத்துவிட்டுப் போவார்.

எல்லா நேரமும் அவர் சரியாக இருந்தார் என்று சொல்லமாட்டேன். கணக்குப் பிரிவில் ஒருவர் இருந்தார். எப்போதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார். அவரைப் பல நாள் விடாமல் கேட்டார் அக்கா. கடைசியில் அந்த மனிதர் கைகூப்பி, "மேடம், நான் சந்தோஷமா இருக்கேன். என்னை விட்டுடுங்க" என்றார். அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்படியும் ஆளு இருக்குமோளா?" என்று என்னிடம் வந்து கேட்டார்.

அவர் கணவர் ரயில்வேயில் கணக்கர். அதிகம் பேசாதவர். ஆனால் அவர் ஒண்ணுமில்ல என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது. "முதுகு கொஞ்சம் பிடிச்சிருக்கு" என்பார், "ஆபீஸ்ல ஃபேன் ஓடல" என்பார். ஒரு நாள் அக்கா உள்ளே போயிருந்தபோது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஏதாவது ஒண்ணு சொல்லி வச்சிடணும்மா. அப்பத்தான் சாப்பாடு சூடா கிடைக்கும்."

அக்காவின் இந்தக் குணம் எங்கள் தொழிலில் எங்கே வந்து முட்டியது என்று சொல்கிறேன்.

குதிரைக்குட்டி வயிற்றில் இருக்கும்போதே ஆணா பெட்டையா என்று தெரிந்தால் பண்ணைக்காரர்களுக்குப் பல விதத்தில் உதவும். சினைக் குதிரையை விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா, அடுத்த வருடம் எந்தப் பொலிகுதிரையோடு சேர்க்கலாம் என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அதற்குத் தாயின் ரத்தம் போதும். சினைக் குதிரையின் ரத்தத்தில் வயிற்றிலிருக்கும் குட்டியின் மரபணுத் துணுக்குகளும் கொஞ்சம் கலந்து ஓடும். ஆணுக்கு மட்டும் உரிய மரபணு ஒன்று உண்டு. தாயிடம் அது இருக்க வழியில்லை. ஆகவே தாயின் ரத்தத்தில் அது தென்பட்டால் உள்ளே இருப்பது ஆண்குட்டி. கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்துவிட்டு, எழுந்து மேலே ஏறும். பார்க்கவே உற்சாகமாக இருக்கும்.

தென்படாவிட்டால்? கோடு கடைசிவரை படுத்தே கிடக்கும். அதைப் பெட்டை என்று எழுத வேண்டியது. முதலாளி அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார். அவர் தெலுங்குக்காரர், நல்ல மனிதர், எப்போதும் எங்கோ கிளம்பிக்கொண்டே இருப்பவர். "கோடு எழுந்தா ஆண், எழலைன்னா பெண். இதுல யோசிக்க என்ன இருக்கு மேடம்?" என்பார்.

அக்கா விடமாட்டார். "சார், கோடு எழலன்னா ஒண்ணும் தெரியலன்னு அர்த்தம். ரத்தம் வெயில்ல கெட்டிருக்கலாம். ரொம்ப சீக்கிரம் எடுத்திருக்கலாம். வேற குதிரை ட்யூப் மாறி வந்திருக்கலாம். இத்தனையும் இல்லன்னு பாத்த பொறவுதான் பெட்டைன்னு எழுதுவேன். ஒண்ணுமில்லங்கிறதும் பெட்டைங்கிறதும் ஒண்ணா?"

இதனால் பெட்டை என்று எழுத வேண்டிய இடங்களில் எங்கள் ரிப்போர்ட் தாமதமாகும். இன்னொரு முறை ரத்தம் எடுக்க என்னை அனுப்புவார். குட்டியின் தகப்பன் எது என்று கண்டுபிடிக்க நாங்கள் வழக்கமாகச் செய்கிற சோதனையையும் சேர்த்துப் போட்டு, வந்திருப்பது அந்தக் குதிரையின் ரத்தம்தானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பார். முதலாளி தலையில் கைவைத்துக்கொள்வார். பண்ணைக்காரர்கள் போன் போட்டுத் திட்டுவார்கள்.

ஒரு பண்ணையில் கருஞ்சிவப்புக் குதிரை ஒன்று. சினை என்று சொல்லி எங்களிடம் ரத்தம் வந்தது. கோடு படுத்துக் கிடந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. ரத்தம் நன்றாகத்தான் இருந்தது, குதிரையும் அதே குதிரைதான். முதலாளி பெட்டை என்று அனுப்பச் சொன்னார். அக்கா என்னைக் கூப்பிட்டு, "நீ போயி ஸ்கேன் வச்சுப் பாத்துட்டு வா" என்றார். அந்த வெயிலில் முனகிக்கொண்டே போனேன். ஸ்கேன் வைத்துத் தேடு தேடென்று தேடினேன். குட்டியே இல்லை. எப்போதோ கலைந்திருக்க வேண்டும், யாரும் கவனிக்கவில்லை. அதன் பிறகும் சினைக்குதிரை என்று விசேஷத் தீவனமாகப் போட்டுப் போட்டு அதை ஊதவைத்திருந்தார்கள். போனில் சொன்னேன். அக்கா லேபே அதிரச் சிரித்தார். "வயித்துல இருந்தது பூரா கொள்ளா? நல்ல வேளை, கொள்ளுக்குப் பெட்டைன்னு ரிப்போர்ட் குடுக்காம போனோம்!"

அதற்குப் பிறகு முதலாளி கொஞ்ச நாள் அவசரப்படுத்தவில்லை.

அடுத்த கோடை முடிந்து பள்ளிகள் திறந்த சமயத்தில்தான் அந்த விஷயம் நடந்தது. செகந்திராபாத்தை ஒட்டிய அல்வாலைத் தாண்டி ஒரு குதிரைப் பண்ணை. அதன் சூப்பர்வைசர் தமிழர். அப்பா ரயில்வே ஒர்க்ஷாப்பில் இருந்தவர். சின்ன வயது, குதிரைகள் மேல் உயிர். ஒரு குதிரை ஒரு வேளை தீவனத்தை மீதி வைத்தால் எனக்குப் போன் வந்துவிடும். அன்று நான் அங்கே சினைக் குதிரைகளுக்கு ரத்தம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ட்யூபாக ஐஸ் பெட்டியில் வைத்தேன். என் குழந்தைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைப்பு வந்ததால், பெட்டியை அவரிடமே விட்டுவிட்டு ஓடினேன். "நான் நாளைக்கு நாச்சாரம் பக்கம்தான் மேடம் வர்றேன், குடுத்துடறேன்" என்றார். சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் அக்கா என்னைக் கூப்பிட்டார். "ஏளா, ராணின்னு ஒரு குதிரைகிட்ட ரத்தம் எடுத்தியா?"

"ராணியா? இல்லையேக்கா."

"அப்போ இது யாரு?"

ட்யூபைக் காட்டினார். ஆண் மரபணுவைத் தேடியதில் கோடு படுத்துக் கிடந்திருக்கிறது. வழக்கம்போல அக்கா அதோடு நிறுத்தவில்லை. குதிரையை அடையாளம் காட்டும் சோதனையைப் போட்டிருக்கிறார். அதிலும் எதுவும் வரவில்லை. "ரத்தம் நல்லா இருக்கு. மரபணு ஏகத்துக்கு இருக்கு. ஆனா குதிரைக்கு உண்டானது ஒண்ணுகூட இல்ல. அதெப்படி?" என்றார்.

"கழுதையா இருக்குமோ?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. ராணியின் இரண்டாவது ட்யூபையும், இன்னொரு குதிரையின் ட்யூபையும் எடுத்து மெதுவாகப் புரட்டிப் புரட்டிக் கலக்கினார். பக்கத்தில் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தார். "டீ குடிச்சிட்டு வருவோம்" என்றார். குதிரை ரத்தத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. நிறுத்தி வைத்தால் சிவப்பெல்லாம் விறுவிறுவென்று அடியில் போய் உட்கார்ந்துவிடும், மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்கும். நாங்கள் டீ குடித்துத் திரும்பியபோது குதிரையின் ட்யூப் அப்படித்தான் இருந்தது. ராணியின் ட்யூபில் மேலே மெல்லிசாக ஒரு வளையம் மட்டும் தெளிந்திருந்தது. மீதி எல்லாம் சிவப்பு.

அக்கா ட்யூபைத் திருப்பி, ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். ராணி என்ற பெயருக்குப் பக்கத்தில் இருபத்தெட்டு என்று எழுதியிருந்தது. பதிவு செய்தவர் அதை ட்யூப் நம்பர் என்று நினைத்துவிட்டார்.

"வயசுளா இது. கிளினிக்குல பேருக்குப் பக்கத்துல வயசு எழுதுவாங்க இல்லா? கைப்பழக்கத்துல எழுதியிருக்கு." அக்கா முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இது மனுசி ரத்தம்."

ஸ்கேன் சென்டர்கள் வாசலிலெல்லாம் எழுதிப் போட்டிருப்பார்களே, பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லமாட்டோம், சொல்வது குற்றம் என்று. யாரோ ஒரு பெண் அந்த வாசல்களையெல்லாம் விட்டுவிட்டு, குதிரைகளோடு வரிசையில் வந்து நின்றிருக்கிறாள்.

அக்காவைப் பயமுறுத்தியது வேறு. "நம்ம சோதனை குதிரையோட ஆண் மரபணுவத்தான் தேடும். மனுசி ரத்தத்துல அது எங்கேருந்து வரும்? வயித்துல எது இருந்தாலும் கோடு படுத்துத்தான் கிடக்கும். சார் சொன்ன மாதிரி அனுப்பியிருந்தா, பெட்டைன்னு போயிருக்கும்ளா. பையனா இருந்தாலும் பெட்டை. பொண்ணா இருந்தாலும் பெட்டை."

முதலாளியிடம் சொன்னோம். அவர் முகம் வெளுத்துவிட்டது. "ட்யூபைத் தூக்கிப் போடுங்க மேடம். இதை மறந்துடுங்க. நம்ம லேபுக்கு இதுல ஒண்ணுமில்ல."

"ட்யூபைப் போட்டுருதேன் சார். மனுச ரத்தம் நம்ம மிஷின்ல ஏறுனதே தப்பு," என்றார் அக்கா. "ஆனா அந்தப் பொண்ணு?"

சூப்பர்வைசருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"ராணியா? எங்ககிட்ட அப்படி ஒரு குதிரையே இல்லயே மேடம்."

"பெட்டி ராத்திரி எங்க இருந்துச்சு தம்பி?"

"எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்லதான். பத்திரமா இருந்துச்சே."

"வீட்டுல யாரெல்லாம் இருக்கீய?"

"அம்மா, ரெண்டு பொண்ணுங்க, வொய்ஃப். வொய்ஃபுக்கு இப்போ அஞ்சாவது மாசம்."

"அப்படியா, ரொம்ப சந்தோசம். முன்னாடி எங்கயும் வேலை பாத்தாங்களோ?"

"ஹவ் மேடம், பாத்துட்டிருந்தா. அல்வால்ல ஒரு கிளினிக்ல ரத்தம் எடுக்கற வேலை. ஏன் கேக்கறீங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு போனில், "ஒண்ணுமில்ல தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன்.

அன்று மத்தியானமே என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். லாயங்களுக்குப் பின்னால் வேப்பமரத்தை ஒட்டி அவர்கள் குவார்ட்டர்ஸ். மாமியார் பேத்திகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போயிருந்தார். அந்தப் பெண் மட்டும் இருந்தாள். நாங்கள் யாரென்று சொன்னதுமே அவள் முகம் மாறிவிட்டது. இடது கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"உக்காருங்க மேடம். டீ வைக்கிறேன்."

"நீ உக்காரு. நான் உங்கூட சண்டைக்கு வரல," என்றார் அக்கா. "அந்த ராணி யாரு தாயி?"

"தெரியாது மேடம்."

"மனசுல என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா என்னது?"

அடுப்பில் பால் பொங்கியது. அக்காவே எழுந்துபோய் நிறுத்திவிட்டு வந்து மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தார். அவசரமே இல்லாதவர் மாதிரி இருந்தார். வெளியே ஒரு குதிரை தண்ணீர்த் தொட்டியில் மூக்கை விட்டு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அந்தப் பெண் முந்தானையை முறுக்கினாள், பிரித்தாள், மறுபடி முறுக்கினாள். பிறகு அழத் தொடங்கினாள்.

"நக்கோ, வேணாம் மேடம், அவருக்கு மட்டும் சொல்லாதீங்க. அவருக்கு ஒண்ணுமே தெரியாது. ஒரு மாசமா அத்தை தினமும் ஒண்ணு சொல்றாங்க, சோறே இறங்கல. ஏற்கெனவே ரெண்டும் பொண்ணு, இந்த தடவை பாத்துடணும், தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருக்கார், காசு குடுத்தா சொல்லிடுவார்னு. அவங்க என்னை அங்க இழுத்துட்டு போறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிக்கணும். பையன்னா நிம்மதியா ரெண்டு வாய் சாப்பிடுவேன். பொண்ணுன்னா மௌலாலில எங்கம்மா வீட்டுக்குப் போய்டுவேன். பெத்து எடுத்துட்டுத்தான் திரும்புவேன். ரிப்போர்ட் போன்ல இங்கிலீஷ்ல வரும், இவர் என்கிட்டதான் படிக்கக் குடுப்பார். அதான் பெட்டில இருந்த காலி ட்யூப்ல நானே எடுத்து, ராணின்னு எழுதி வச்சேன்."

"உன் கையில நீயேவா குத்திக்கிட்டே?"

"ஹவ், நானேதான்."

"கெட்டிக்காரிதான்," என்றார் அக்கா. "ஆனா கேளு. எங்க மிஷினுக்குக் குதிரைய மட்டும்தான் தெரியும். உன் ரத்தத்தப் போட்டா எனக்கு ஒண்ணும் புரியலன்னு படுத்துக்கிடும். அதப் பாத்து நாங்க பெட்டைன்னு எழுதியிருப்போம். அந்த ரிப்போர்ட்டு உங்க அத்தை கையில கிடைச்சிருந்தா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெல்ல, "அப்போ உள்ள இருக்கறது..." என்றாள்.

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கிடவும் மாட்டேன். அதச் சொல்லுததும் தப்பு, பாக்குததும் தப்பு. பிள்ளை இருக்கு. அது நல்லா இருக்கணும். நீ சரியா சாப்பிடணும்." கொஞ்சம் நிறுத்தி, "இன்னொண்ணு. இருபத்தெட்டு வயசுல சினையா இருக்குத குதிரைய நாங்க பாத்ததே கிடையாது. எப்படி ஏமாறுவோம்?" என்றார்.

அழுகையோடு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

சிரித்து ஓய்ந்ததும் அக்கா, "உன் புருசனுக்கு நீயா சொல்லுதியா, நான் சொல்லவா?" என்றார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க இருங்க. நான் சொல்றேன்" என்றாள்.

சூப்பர்வைசரை லாயத்திலிருந்து கூட்டிவந்தேன். கையில் வைக்கோல் ஒட்டியிருந்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நின்றபடியே கேட்டார். "அம்மாவா?" என்று மட்டும் ஒரு முறை கேட்டார். பிறகு, "எனக்கு ஏன் சொல்லல?" என்றார்.

அக்காவுக்குக் கோபம் வந்தது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது குறைவு. "ஏன் தம்பி, ஒரு குதிரை ஒரு வேளை கொள்ளு திங்கலன்னா இந்த டாக்டரு பிள்ளைக்குப் போன் போடுதீய. பொண்டாட்டி ஒரு மாசமா சரியா திங்கலயே, அது கண்ணுல படலயோ? கேட்டீயளா?"

"கேட்டேன் மேடம். ஒண்ணுமில்லன்னு சொன்னா."

"சொன்னா விட்டுருவீயளோ?"

அவர் மனைவியின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். அவள் இடது கையை எடுத்து, ஊசி குத்தின இடத்தில் நீலம் பாரித்திருந்ததைப் பார்த்தார். நாங்கள் கிளம்பிவிட்டோம்.

பிறகு நடந்ததை அவளே போனில் சொன்னாள். அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது அவர் தன் அம்மாவிடம், "இந்த வீட்ல இனிமே அந்தப் பேச்சு வேணாம்மா. அந்த ஆளு பேரை எடுத்தீங்கன்னா நானும் இவளோட மௌலாலிக்குக் கிளம்பிடுவேன்" என்றாராம். மாமியார் சில நாள் யாரோடும் பேசவில்லை. அவளையும் பெண்கள் இருவரையும் அவள் அம்மா வீட்டில் அவரே கொண்டுபோய் விட்டார். மாமியாருக்கு வீடு வெறிச்சென்று இருந்திருக்கிறது. பேத்திகளைப் பார்க்க வேண்டும் என்று முறுக்கும் பலகாரமுமாக மௌலாலிக்குப் போய் நின்றார். உள்ளே கூப்பிட்டார்கள், போனார். பிரசவத்துக்கு நாள் நெருங்கியபோது அங்கேயே வந்து இருந்துகொண்டார். "சமையல் மட்டும் என்கிட்ட விடமாட்டேங்கறாங்க மேடம்" என்று அவள் சிரித்தாள்.

லேபிலும் மாற்றம் வந்தது. அதற்குப் பிறகு எந்த ரத்தம் வந்தாலும் முதல் வேலையாக அது குதிரைதானா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவோம். முதலாளி செலவைச் சொல்லி முணுமுணுத்தார். ஆனால் வாடிக்கையாளர்களிடம் அவர் பேசியதைக் கேட்க வேண்டும். "எங்க லேப் மாதிரி வருமா? குதிரையையே குதிரைதானான்னு கேட்டுட்டுத்தான் உள்ள விடுவோம்!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்.

குளிர் தொடங்கியிருந்த நேரம். ஒரு நாள் காலை அக்கா கையுறை போட்டு வேலையாக இருந்தபோது அவர் போன் அடித்தது. நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தேன். சூப்பர்வைசர். மூச்சு வாங்கியது.

"மேடம், பொறந்துடுச்சு! விடிகாலைல. சுகப்பிரசவம்."

"ஏ அப்பா!" என்று அக்கா கத்தியதில் அட்டைப்பெட்டிக் கம்பெனிவரை கேட்டிருக்கும். "அவ எப்படி இருக்கா? கண்ணு முழிச்சாளா? பேசுதாளா?"

"நல்லா இருக்கா மேடம். பேசினா."

"பிள்ளை அழுதுச்சா? எடை எவ்வளவு? பால் குடிச்சுதா?"

"மூணு கிலோ மேடம். எல்லாம் ஆச்சு. ஒண்ணும் பிரச்சினை இல்ல."

"ஒண்ணும் பிரச்சினை இல்லன்னா என்னது? ஒவ்வொண்ணா சொல்லுங்க."

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். தையல் போட்டார்களா, காய்ச்சல் இருக்கிறதா, ராத்திரி துணைக்கு யார், என்ன சாப்பிடக் கொடுத்தார்கள், மாமியார் என்ன சொன்னார், மூத்த பெண்கள் இரண்டு பேரும் வந்து பார்த்தார்களா என்று எல்லாம் கேட்டு முடிக்க வெகுநேரம் ஆயிற்று. மாமியார்தான் குழந்தையை முதலில் வாங்கியவர், இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்றார். அக்கா சிரித்து, அழுது, கையுறை போட்ட கையாலேயே கண்ணைத் துடைக்கப் போய், நான் தடுத்து, ஒரு வழியாகப் போனை வைத்தோம்.

சத்தம் கேட்டு முதலாளி அறையிலிருந்து வந்தார். கணக்குப் பிரிவுக்காரரும் ஜன்னலை விட்டுத் திரும்பிப் பார்த்தார். வாட்ச்மேன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன குழந்தை மேடம்?" என்றார் முதலாளி.

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"அய்யய்யோ," என்றார் அக்கா. "அதக் கேக்கவே இல்லயேளா!"

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "இந்த லேபுக்கு வேலையே அது ஒண்ணுதானே மேடம்! அதையா மறந்தீங்க?" வாட்ச்மேன்தான் முதலில் சிரித்தார். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. எப்போதும் பேசாத அந்தக் கணக்குப் பிரிவுக்காரர்கூடச் சத்தமாகச் சிரித்தார். நான் போனை எடுத்து மறுபடி அந்த நம்பரைத் தேடினேன்.

அக்கா வேண்டாம் என்று கையாட்டினார். "வை ளா. இத்தனை கேட்டுட்டு, இப்ப அதுக்குன்னு ஒரு போனா? அவளும் தூங்கட்டும். ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் மௌலாலிக்குப் போவோம். பிள்ளைய மடியில போட்டுப் பாத்துட்டு வருவோம்."

மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, அடுத்த ட்யூபை எடுத்தார்.